தீக்காயத் தழும்புக்குக் கொழுப்பு ஒட்டு: தேர்வு முதல் அடுத்த அமர்வு வரை முழு வழிகாட்டி

வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி எடுக்க வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், தழும்பின் அடியில் வைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். முதல் தடவை பார்க்கும் பிஜி மாணவர்கள் "இதுக்கா சார் இவ்ளோ நேரம்?" என்று கேட்பார்கள். மூன்று மாதம் கழித்து அதே நோயாளி ஓ.பி.க்கு வரும்போது, ஒருவருக்குத் தோல் மெத்தென்று மடிக்க வருகிறது, இன்னொருவருக்குப் பட்டாணி அளவில் கட்டி கையில் தட்டுகிறது. அந்த வித்தியாசம் சின்னச் சின்ன படிகளில்தான் ஒளிந்திருக்கிறது.

பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்கும் தியேட்டர் சிஸ்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். கன்னத்திலும் கழுத்திலும் உள்ள பழைய தீக்காயத் தழும்பையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சிகிச்சைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களும் படிக்கலாம். ஆனால் படித்துவிட்டு யாரும் தனியாகச் செய்யக் கிளம்ப வேண்டாம். அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

படிகளுக்குள் போகும் முன் ஒரே ஒரு விஷயம். வெளியே எடுத்த கொழுப்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. புதிய இடத்தில் வைத்த பிறகு முதல் சில நாட்கள் சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்து வருவதை வைத்தே அது உயிர் பிழைக்க வேண்டும். கொழுப்புச் செல் ஆக்சிஜன் இல்லாமல் ஒரு நாள் தாங்குவதே கஷ்டம். கொழுப்போடு கூடவே வரும் ஸ்டெம் செல்கள் மூன்று நாள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். உள்ளே வைத்த துண்டின் வெளி விளிம்பு மட்டும் அப்படியே பிழைக்கிறது. அதற்கு அடுத்த அடுக்கில் பழைய செல்கள் செத்து, ஸ்டெம் செல்களிலிருந்து புதியவை உருவாகின்றன. நடுப்பகுதி செத்தே போகிறது. துண்டு பெரிதானால் சாகும் பகுதியும் பெரிது. கீழே சொல்லப்போகும் ஏறக்குறைய எல்லாப் படிக்கும் காரணம் இதுதான்.

1. யாருக்குச் செய்யலாம்

தழும்பு முதிர்ந்திருக்க வேண்டும். சிவந்து, தடித்து, அரித்துக்கொண்டிருக்கும் தழும்புக்கு சிலிக்கோன் ஷீட், பிரஷர் கார்மென்ட் (இறுக்கிப் பிடிக்கும் உடை), தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி. குறைந்தது ஒரு வருடமாவது போகட்டும் என்பதே என் கணக்கு.

அடுத்து, இறுக்கத்தைப் பாருங்கள். நோயாளியை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே கயிறு மாதிரி ஒரு பட்டை எழும்புகிறதா? கீழுதடு கீழே இழுபடுகிறதா? அப்படியானால் அங்கே தோல் போதவில்லை. தோல் இல்லாத இடத்தில் கொழுப்பு வைத்துப் பயனில்லை. இறுக்கத்தை வெட்டி விடுவித்து, தோல் ஒட்டோ, ஃபிளாப்போ (ரத்த ஓட்டத்தோடு திருப்பி வைக்கும் தோல்), இசட்-பிளாஸ்டியோ (இசட் வடிவில் வெட்டித் தோலை நீட்டுவது) செய்ய வேண்டிய கேஸ் அது. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். அறுவை சிகிச்சைக்கு நோயாளி பயப்படுகிறார் என்பதற்காகச் சின்ன ஊசியில் முடித்துவிடலாம் என்று ஆசை காட்டாதீர்கள். இறுக்கத்தை விடுவித்து ஆறிய பிறகு, மிச்சமிருக்கும் விறைப்புக்கும் பள்ளத்துக்கும் கொழுப்பு நன்றாக உதவும்.

புகைபிடிப்பவர் முன்னும் பின்னும் நான்கு வாரம் நிறுத்த வேண்டும். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை எடுப்பவர் என்றால், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மிகவும் மெலிந்தவராக இருந்தால் எடுக்க என்ன இருக்கிறது என்று வயிறு, இடுப்புப் பக்கம், தொடை, முழங்காலின் உட்புறம் எல்லாவற்றையும் கிள்ளிப் பாருங்கள். எந்த இடத்துக் கொழுப்பு சிறந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எங்கே தாராளமாக இருக்கிறதோ அங்கே எடுங்கள்.

2. அளந்து வையுங்கள்

ஒரே கேமரா, ஒரே தூரம், ஒரே வெளிச்சம். முகத்தை அசையாமல் வைத்து எடுத்தால் மட்டும் போதாது. சிரிக்கும்போது, வாயைப் பெரிதாகத் திறக்கும்போது, அண்ணாந்து பார்க்கும்போது என்று தனித்தனியாகப் படம் வேண்டும். கொழுப்பு ஒட்டின் பலன் அசைவில்தான் முதலில் தெரியும்.

கூடவே வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, அண்ணாந்த நிலையில் தாடை நுனிக்கும் கழுத்துக் குழிக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேல் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். வான்கூவர் தழும்பு அளவுகோல் (தழும்பின் நிறம், தடிமன், மென்மைக்கு மருத்துவர் போடும் மதிப்பெண்) போடுங்கள். வலி, அரிப்பு, விறைப்பு எல்லாம் எப்படி இருக்கிறது என்று நோயாளியே மதிப்பெண் போடும் போசாஸ் படிவமும் நிரப்புங்கள். இவை இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் "பரவாயில்ல டாக்டர், கொஞ்சம் தேவலாம்" என்ற பதிலைத் தவிர கையில் ஒன்றும் இருக்காது.

3. முன்பே சொல்ல வேண்டியவை

வைத்த கொழுப்பில் ஒரு பங்கு கரைந்துபோகும். எவ்வளவு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பாதி நின்றால் திருப்தி என்று சொல்லிவையுங்கள். ஒரு தடவையில் முடியாது, இரண்டு மூன்று தடவை ஆகலாம். எடை கூடினால் வைத்த கொழுப்பும் கூடும், குறைந்தால் அதுவும் குறையும். எடுத்த இடத்தில் மேடுபள்ளம் வரலாம். எண்ணெய்க் கட்டி (செத்த கொழுப்பு எண்ணெயாகித் தேங்குவது) வரலாம். முகத்தில் செய்தால் மிக அரிதாகப் பார்வையே போகலாம். பயந்துவிடுவார் என்று இதை மறைக்கக் கூடாது.

பலனைப் பற்றியும் நேர்மையாகப் பேசுங்கள். தழும்பு மென்மையாவதையும் வலி, அரிப்பு குறைவதையும் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அதே நேரம், 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் தீக்காயத் தழும்புள்ள குழந்தைகளுக்கு ஒரு பகுதியில் கொழுப்பும் இன்னொரு பகுதியில் வெறும் உப்புநீரும் போட்டு, எது எது என்று தெரியாதபடி ஒப்பிட்டார்கள். ஒரே தடவை செய்ததில் தோற்றத்தில் வித்தியாசம் தெரியவில்லை. தழும்பு மறையாது. மென்மையாகலாம், அவ்வளவுதான்.

4. ட்ராலியில் இருக்க வேண்டியவை

கொழுப்பு எடுக்க 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள, முனை மழுங்கிய, பல துளை கானுலா (மெல்லிய உலோகக் குழல்). லூயர் லாக் (திருகிப் பூட்டும் முனை) உள்ள 10 மி.லி. சிரிஞ்சுகள் தாராளமாக, சாதாரண சிரிஞ்ச் உறிஞ்சும்போது கழன்று வரும். 1 மி.லி. லூயர் லாக் சிரிஞ்சுகள் குறைந்தது பத்து. இரண்டு சிரிஞ்சை இணைக்கும் கனெக்டர். கொழுப்பு வைக்க 17 அல்லது 18 கேஜ் (தடிமன் அளவு; எண் கூடினால் மெல்லியது) மழுங்கல் கானுலா. தழும்பைத் தளர்த்த 18 கேஜ் கூர் ஊசி. ரிங்கர் லாக்டேட் (உப்புக் கரைசல்), சிரிஞ்சுகளைச் செங்குத்தாக நிறுத்த ஒரு ஸ்டாண்ட், குத்துத் துளைகளை மூட 6-0 நைலான் தையல் நூல்.

கத்தி வைத்த பிறகு "சிஸ்டர், கனெக்டர் எங்கே?" என்று தேட ஆரம்பித்தால், எடுத்த கொழுப்பு ட்ராலியில் காய்ந்துகொண்டிருக்கும். எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே நோயாளியைப் படுக்க வையுங்கள்.

5. உட்கார வைத்துக் குறியுங்கள்

படுத்தால் கன்னம் காதுப் பக்கம் சரிந்துவிடும், பள்ளம் காணாமல் போகும். அதனால் உட்கார வைத்து, மேலிருந்து வெளிச்சம் விழும்படி செய்து, நிழல் விழும் இடங்களைப் பேனாவால் வட்டமிடுங்கள். விறைப்பான பகுதிக்கு ஒரு நிறம், பள்ளத்துக்கு வேறு நிறம். இரண்டுக்கும் செய்யப்போவது ஒன்றல்ல.

பல்லைக் கடிக்கச் சொல்லி மசீட்டர் (மெல்லும்) தசையின் முன்விளிம்பைத் தொடுங்கள். அதற்குச் சற்று முன்னால், தாடை எலும்பின் மேல் முகத் தமனி துடிப்பது விரலுக்குத் தெரியும். அங்கே ஒரு புள்ளி வையுங்கள். மூச்சை அடக்கி முக்கச் சொன்னால் கழுத்தின் பக்கவாட்டுச் சிரை புடைக்கும், அதையும் வரைந்துகொள்ளுங்கள். ஊசி இந்தக் கோடுகளுக்கு அடியில் போகக் கூடாது.

6. டியூமசென்ட் திரவம்

கொழுப்பை எடுக்கும் முன் அந்த இடம் மரத்துப்போகவும் ரத்தக்கசிவு குறையவும் உள்ளே செலுத்தும் திரவம் இது. 500 மி.லி. ரிங்கர் லாக்டேட்டில் லிக்னோகெய்ன் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) 250 மி.கி., அட்ரினலின் (ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து) 0.5 மி.கி. அட்ரினலின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு இது.

குழப்பம் வருவது லிக்னோகெய்ன் குப்பியில். 2 சதவீதக் குப்பி என்றால் ஒரு மி.லி.யில் 20 மி.கி.; 250 மி.கி.க்கு 12.5 மி.லி. போதும். 1 சதவீதம் என்று நினைத்து 25 மி.லி. ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். இன்னொன்று, அட்ரினலின் ஏற்கெனவே கலந்த குப்பியை எடுத்துவிட்டு மேற்கொண்டு அட்ரினலின் சேர்ப்பது. குப்பி லேபிளை சிஸ்டர் வாய்விட்டுப் படிக்க, ஊற்றுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். டியூமசென்ட் முறையில் லிக்னோகெய்ன் கிலோவுக்கு 35 மி.கி. வரை போகலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. நம் அளவு அதற்கு வெகு கீழே. ஆனாலும் முகத்தில் தனியாகப் போடும் லிக்னோகெய்னையும் சேர்த்தே கூட்டுங்கள்.

செலுத்திய பிறகு பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். தோல் வெளுத்தால் அட்ரினலின் வேலை செய்கிறது. பொறுமையில்லாமல் ஆரம்பித்தால் சிரிஞ்சில் ரத்தம்தான் வரும், எடுத்த இடமும் கருநீலமாகக் கன்றிவிடும்.

7. எடுப்பது

தொப்புளின் உள்மடிப்பில் சின்னத் துளை. 10 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டனை 2 மி.லி. அளவுக்கு மட்டும் இழுத்துப் பிடித்து, கானுலாவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். கடைசி வரை இழுத்துப் பிடித்தால் வேகமாக வரும்தான், ஆனால் அந்த உறிஞ்சலில் செல்கள் உடையும். சிரிஞ்சில் மஞ்சளுக்கு மேலே எண்ணெய் தடிமனாக மிதந்தால் இழுப்பு அதிகம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஒரே தடத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தால் வயிற்றில் பள்ளம் விழும். விசிறி மாதிரி தடத்தை மாற்றுங்கள். தோலுக்கு ஒட்டிய மேல் அடுக்கைத் தொடாதீர்கள்.

சுத்தம் செய்த பிறகு கைக்கு வருவது உறிஞ்சியதில் ஏறக்குறைய பாதி. 20 மி.லி. வேண்டுமென்றால் 45, 50 மி.லி. எடுத்துவையுங்கள்.

8. சுத்தம் செய்வது

மூன்று வழி உண்டு: சும்மா நிறுத்தித் தெளியவைப்பது, ரிங்கர் லாக்டேட்டில் அலசித் தெளியவைப்பது, சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவது. எது சிறந்தது என்ற சண்டை இன்னும் முடியவில்லை. சென்ட்ரிஃபியூஜ் என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று, 3 நிமிடம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். இயந்திரத்தின் ரோட்டர் அளவுக்கு ஏற்ப அதே 3000 சுற்றில் விசை மாறும். 1200 ஜி (புவியீர்ப்பைப் போல 1200 மடங்கு விசை) சுமாருக்கு மேல் போகாமல் பாருங்கள்.

சென்ட்ரிஃபியூஜ் இல்லாத மருத்துவமனையில் அலசுவது போதும். சிரிஞ்சுக்குள் கொழுப்பு இருக்கும்போதே ரிங்கர் லாக்டேட்டை இழுத்து, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, செங்குத்தாக நிறுத்துங்கள். சில நிமிடத்தில் அடியில் சிவந்த நீர், நடுவில் மஞ்சள் கொழுப்பு, மேலே எண்ணெய் என்று பிரியும். அடிநீரை வடித்துவிடுங்கள். நீர் தெளிவாகும் வரை திரும்பச் செய்யுங்கள். மேலே நிற்கும் எண்ணெயைப் பஞ்சுத் திரியால் உறிஞ்சி எடுங்கள். ரத்தமும் எண்ணெயும் கூடவே உள்ளே போனால் வீக்கம் கூடும். அவை அடைத்துக்கொள்ளும் இடம் அத்தனையும் கொழுப்புக்குப் போக வேண்டிய இடம்.

கிண்ணத்தில் கொட்டிக் கிளறுவதை நான் அனுமதிப்பதில்லை. காற்றுப்பட்டால் காயும், கிருமி சேரும். எல்லா வேலையும் மூடிய சிரிஞ்சுக்குள்ளேயே நடக்கட்டும். சுத்தம் செய்ததை 1 மி.லி. சிரிஞ்சுகளுக்குக் கனெக்டர் வழியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

9. தழும்பைத் தளர்த்துவது

தழும்பு அடித்தசையோடு ஒட்டிக்கிடந்தால் கானுலா நுழையவே நுழையாது. 18 கேஜ் கூர் ஊசியைத் தழும்புக்கு அடியில் படுக்கவைத்து, இழுத்துப் பிடிக்கும் நார்களை அங்கங்கே குத்தி அறுங்கள். மறு கையால் தோலை இழுத்துப் பிடித்தால் நார் அறும்போது நறுக்கென்று விடுபடுவது தெரியும்.

அளவு முக்கியம். நார்களுக்கு இடையில் நூற்றுக்கணக்கான சின்ன இடைவெளிகள் வேண்டும், ஒரு பெரிய குழி கூடாது. ஊசியை இடமும் வலமுமாக அலசினால் தோலும் அடித்தசையும் முழுசாகப் பிரிந்து பை ஆகிவிடும். அந்தப் பையில் கொழுப்பு குளம் கட்டும், நடுவில் ரத்தம் எட்டாது, எண்ணெய்க் கட்டியில் முடியும். குத்துங்கள், வெளியே எடுங்கள், இடம் மாற்றுங்கள்.

10. வைப்பது

இது நாற்று நடுவது மாதிரி. ஒரே குத்தில் கட்டுக்கட்டாகச் செருகினால் வயல் நிரம்பிய மாதிரி தெரியும், பயிர் வராது.

தழும்புக்கு வெளியே, நல்ல தோலில் இரண்டு மூன்று துளை போடுங்கள். தழும்பின் மேலேயே துளை போட்டால் ஆறுவதற்கு நாளாகும். மழுங்கல் கானுலாவைத் தழும்புக்குச் சற்றுக் கீழே, தோலும் கொழுப்பும் சந்திக்கும் தளத்தில் கடைசி வரை செலுத்துங்கள். உள்ளே போகும்போது பிஸ்டனைத் தொடாதீர்கள். பின்னால் இழுத்துக்கொண்டு வரும்போது மட்டும் மெல்ல அழுத்துங்கள். ஒரு தடத்துக்கு 0.1 மி.லி.க்குக் குறைவு. அதாவது ஒரு 1 மி.லி. சிரிஞ்ச் காலியாகக் குறைந்தது பத்துத் தடம்.

பின்னால் வரும்போது மட்டும் போடுவதற்கு இரண்டு காரணம். கொழுப்பு மெல்லிய நூலாக விழும். முனை ஒரு ரத்தக் குழாய்க்குள் இருந்துவிட்டாலும் ஒரே இடத்தில் மொத்தமாக உள்ளே போகாது. முகத்துத் தமனிக்குள் அழுத்தத்தோடு போகும் கொழுப்பு எதிர்த்திசையில் ஓடிக் கண் தமனியை அடைக்க முடியும். புருவங்களுக்கு நடுவே உள்ள இடம்தான் இதில் மிக ஆபத்து. மூக்கின் ஓரமும் எச்சரிக்கை வேண்டிய இடம். கூர் ஊசியால் முகத்தில் கொழுப்பு செலுத்தவே செலுத்தாதீர்கள். அந்த இடம் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்தால் நோயாளியோடு பேசிக்கொண்டே இருங்கள். திடீரென்று கண் வலிக்கிறது, மங்கலாகிறது என்றால் அந்த நொடியே நிறுத்திக் கண் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு துளையிலிருந்து விசிறியாக, அடுத்த துளையிலிருந்து அதற்குக் குறுக்காக. பள்ளம் உள்ள இடத்தில் அடியிலிருந்து மேலாக இரண்டு மூன்று அடுக்கு. விறைப்பு மட்டும் உள்ள இடத்தில் ஒரே அடுக்கு, மிகக் கொஞ்சம்.

எப்போது நிறுத்துவது? கானுலா நுழைந்த துளை வழியே கொழுப்பு எதிர்த்து வெளியே வந்தால். தோல் வெளுத்தால். ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாகத் தெரிந்தால். உள்ளே அழுத்தம் கூடிவிட்டது, நுண்குழாய்கள் நசுங்க ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். சிரிஞ்சுகளில் இன்னும் 6 மி.லி. மிச்சம் இருக்கிறதே, வீணாகிறதே என்று உள்ளே தள்ளுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள். எப்படியும் கரையும் என்று கூடுதலாக வைப்பதும் இதே தப்புதான். கூடுதலாக வைத்தால் நல்லதும் சேர்ந்து சாகும்.

11. நானோ கொழுப்பு எங்கே சேரும்

தோலின் மேல்பரப்பு சொரசொரப்பாக, நிறம் மாறி இருந்தால் நானோ கொழுப்பு ஒரு வழி. சுத்தம் செய்த கொழுப்பை இரண்டு 10 மி.லி. சிரிஞ்சுக்கு நடுவே கனெக்டர் வழியாக முப்பது தடவை இங்கும் அங்கும் தள்ளி, மெல்லிய நைலான் வலையில் வடிகட்டினால் பால் மாதிரி நீர்மம் கிடைக்கும். 27 கேஜ் ஊசியால் தோலுக்குள்ளேயே போடலாம்.

இதில் உயிருள்ள கொழுப்புச் செல் அநேகமாக இல்லை, ஸ்டெம் செல்கள் உண்டு. அதனால் பள்ளத்தை நிரப்பாது. பள்ளத்துக்கு நானோ கொழுப்பு போட்டுவிட்டு "ஒன்றும் ஏறவில்லையே" என்று கேட்பது புதியவர்களின் வழக்கம். வரிசையும் கவனம்: முதலில் அடியில் கொழுப்பு, கடைசியாக மேலே நானோ.

கொழுப்பை என்சைமில் கரைத்துச் செல்களைப் பிரித்தெடுத்துப் போடும் முறையை இதோடு குழப்பாதீர்கள். இந்தியாவில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று போன்ற அங்கீகரிக்கப்பட்டவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். பேக்கேஜ் போட்டு விற்பதற்கு அதில் இடமில்லை.

12. முதல் மூன்று வாரம்

எடுத்த இடத்துக்கு இறுக்கமான பெல்ட், வைத்த இடத்துக்கு எந்த அழுத்தமும் கூடாது. இது தலைகீழாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. வார்டில் யாராவது நல்லெண்ணத்தில் கன்னத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பழைய பிரஷர் மாஸ்க்கை நோயாளியே எடுத்து மாட்டிக்கொள்வார். டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக எழுதுங்கள்: மூன்று வாரம் மாஸ்க் வேண்டாம், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டாம், மசாஜ் வேண்டாம், ஐஸ் வைக்க வேண்டாம்.

முதல் வாரம் முகம் வீங்கி இருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். மூன்றாம் வாரம் வற்றும்போது "எல்லாம் போச்சு" என்று போன் வரும். இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதித் தலைவலி குறையும். சிவந்து, சூடாகி, வலி கூடி, காய்ச்சலும் வந்தால் மட்டும் அன்றே வரச் சொல்லுங்கள்.

13. வேறு இடங்களுக்குப் போகும்போது

ரேடியேஷன் கொடுத்த மார்பில் தோல் கெட்டிப்பட்டுக் கிடக்கும். அங்கேயும் இதே முறைதான். ஆனால் ஒரு தடவைக்கு இன்னும் குறைவாக வைக்க வேண்டும். ரத்த ஓட்டம் அங்கே மோசம். புற்றுநோய் மருத்துவர் சம்மதமும் முன்கூட்டியே எடுத்த மேமோகிராமும் இல்லாமல் தொடவே கூடாது. பிறகு சுண்ணாம்புப் படிவோ கட்டியோ தெரிந்தால் ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

பிட்டத்தைப் பெரிதாக்கக் கொழுப்பு வைப்பது தனி உலகம். தசைக்குள் போன கொழுப்பு பெரிய சிரைகள் வழியாக நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறித்திருக்கிறது. தோலுக்கு அடியில் மட்டும், தசைக்குள் ஒருபோதும் கூடாது என்பதே இன்றைய விதி. இந்த வழிகாட்டியை வைத்து அதைச் செய்ய வேண்டாம்.

14. அடுத்த அமர்வு

மூன்று மாதத்துக்கு முன் முடிவெடுக்காதீர்கள். அதற்கு முன் தெரிவதில் வீக்கம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மூன்றாம் மாதம் அதே படங்கள், அதே ஸ்கேல், அதே படிவம். தோல் மடிக்க வந்திருந்து, வாய் திறப்பும் கூடியிருந்தால் இரண்டாவது அமர்வு பலன் தரும். இந்தத் தடவை திசு இளகியிருப்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளும். எண்ணில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதையே திரும்பச் செய்வதற்கு முன் ஒன்றாம் படிக்குப் போய், இது உண்மையில் தோல் போதாத கேஸா என்று பாருங்கள்.

கையில் கட்டி தட்டினால் அல்ட்ராசவுண்ட் எடுங்கள். எண்ணெய்க் கட்டி என்றால் ஓ.பி.யிலேயே 18 கேஜ் ஊசியால் இழுத்துவிடலாம். மஞ்சள் எண்ணெய் வரும். கெட்டியாகிப்போய் வலி கொடுத்தால் அடுத்த அமர்வின்போது சேர்த்து வெட்டி எடுங்கள். சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். எந்த இடத்தில் கட்டி வந்தது என்று மட்டும் நோட்ஸில் வரைந்துவையுங்கள், அடுத்த தடவை அங்கே யார் கை வைத்தாலும் குறைவாக வைப்பார்கள்.